ஒட்டிய பல் பந்தியில் விழாது. ஈறில் வரும் பருவைக் கவனியுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அரசலாற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்ததில் என் மேல் முன்பல்லின் மூலை உடைந்துவிட்டது. இப்போது வயது 25. தை மாதம் திருமணம். உடைந்த மூலையையும் முன்பற்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியையும் ‘காம்போசிட் பாண்டிங்’ செய்து சரிசெய்யலாம் என்கிறார்கள். பல்லை அராவிவிடுவார்களா? அது பிளாஸ்டிக் என்பதால் புற்றுநோய் வருமா? நீல விளக்கு கெடுதலா? சாப்பிடும்போது கழன்று விழுந்துவிடுமா? நானே செய்துகொள்ளலாமென்று இணையத்தில் ஒரு பல் கிட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பல் சற்றுக் கறுத்திருக்கிறது. அதற்கு மேலே ஈறில் எப்போதாவது ஒரு பரு வரும், வலி இல்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் அமுங்கிவிடும்.
- ஒரு வாசகி, கும்பகோணம் அருகில்

பதில்: புகுந்த வீட்டாருக்கு நடுவே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒட்டிய துண்டு கழன்று இலையில் விழுந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம், புற்றுநோயும் நீல விளக்கும் இணையம் கொடுத்த உபரி. முறையாகச் செய்த வேலை அப்படி முழுதாகக் கழன்று விழுவது அபூர்வம். ‘ஒட்டுவது’ என்ற சொல்தான் இங்கே குழப்புகிறது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைப்பதைப் போல நாங்கள் எதையும் மேலாக அப்புவதில்லை. ஏறத்தாழ 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் கூழைப் பல்லின் வெளி ஓடான எனாமலின் மீது 15 முதல் 30 வினாடி வரை வைத்துக் கழுவி உலர்த்தினால், பளபளத்துக்கொண்டிருந்த எனாமல் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல மங்கலான வெண்மைக்கு மாறும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் அங்கே உண்டாகியிருக்கின்றன என்பதற்கு அந்த வெண்மையே எங்களுக்கு அடையாளம். அந்தக் குழிகளுக்குள் பிசின் இறங்கி, ஒளி பட்டதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் கலவையை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஏறத்தாழ 20 வினாடி ஒளியில் இறுக்கி, உடைந்த மூலையை மறுபடி வடிக்கிறோம். அமிலத்தால் எனாமலைப் பதப்படுத்தும் இம்முறையை மைக்கேல் பியூனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955இல் வெளியிட்டார். நேற்று வந்த அழகுக்கலை அல்ல இது.

உடைந்தாலும் பெரும்பாலும் ஓரத்தில் ஒரு சில்லுதான் பெயரும். அதைச் சொரசொரப்பாக்கி, மேலே ஓர் அடுக்கு சேர்த்து, மெருகேற்றி அனுப்புவது சிறிய வேலை. பொங்கல் கரும்பை முன்பல்லால் கடித்து உரிப்பது, கொட்டைப்பாக்கை உடைப்பது, சோடா மூடியைத் திறப்பது, நகம் கடிப்பது ஆகியவைதான் அந்தச் சில்லைப் பெயர்ப்பவை. சாம்பார் சாதம் பெயர்க்காது.

அராவுவதைப் பற்றிய உங்கள் கவலை பீங்கான் உறைக்கும் (கிரவுன்) மேலொட்டுக்கும் (வெனீர்) உரியது. அவற்றுக்குத்தான் எனாமலைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்த எனாமல் மறுபடி வளராது. உங்களுக்கோ உடைந்த விளிம்பைச் சற்றுச் சரிவாக்குவதோடு வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது.

ஆனால் பயப்பட வேண்டியதைப் போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அடிபட்ட பல் கறுப்பதும், அதே பல்லுக்கு மேலே ஈறில் பரு வந்து வந்து போவதும் சேர்ந்திருந்தால், பல்லின் உள்ளே இருக்கும் கூழ், அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த பகுதி, இறந்துபோய் வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். விழுந்த அன்றே இது தெரிய வேண்டும் என்பதில்லை. மாதங்கள் கழித்தும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். அடிபட்ட பல் மஞ்சளாக மாறினால், உள்ளே இருக்கும் குழாய் சுண்ணாம்பு படிந்து அடைபட்டிருக்கலாம். அது பெரும்பாலும் தொந்தரவு தராது. சாம்பல் கலந்த கறுப்பும் ஈறுப் பருவும் சேர்ந்து வருவது வேறு கதை.

வலி இல்லையே என்கிறீர்கள். வலி இல்லாததற்குக் காரணமே அந்தப் பருதான். டெல்டாவில் பிறந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மடை திறந்திருக்கும் வரை வாய்க்காலின் கரைக்கு அழுத்தம் இல்லை. சீழ் வெளியேற எலும்பைத் துளைத்து வந்த வழியின் வாய்தான் அந்தப் பரு. என்றைக்காவது அந்த மடை அடைபட்டால், மேலுதடோ கன்னமோ வீங்கும். வீக்கம் கண்ணுக்குக் கீழ் வரை ஏறி, காய்ச்சலும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குக் கீழ்ப்பகுதி இரத்தக் குழாய்களின் வழியே தொற்று தலைக்குள் போவது அரிதுதான், ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் இதைச் சோதிக்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும். பருவின் வாய் வழியாகக் குட்டா பெர்ச்சா என்ற, ஊசியைப் போல மெல்லிய, வளையக்கூடிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை, அது தானாக நிற்கும் இடம் வரை மெதுவாக நுழைத்து எக்ஸ்ரே எடுப்போம். படத்தில் அது வெள்ளைக் கோடாக வளைந்து சென்று, குற்றவாளிப் பல்லின் வேர் நுனியில் போய் நிற்கும். பல நேரம் நோயாளிகள் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் ‘சூட்டுக் கொப்புளம்’ என்ற பேச்சை விடுகிறார்கள்.

மெடிக்கல் மாத்திரைக்கு வருவோம். இறந்த கூழுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. இரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? வேருக்கு வெளியே இருக்கும் கிருமிகளைச் சில நாள் அடக்கி, உள்ளே இருப்பவற்றை அப்படியே விட்டுவைக்கிறது. பரு அமுங்கியதைக் குணம் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். பாதி அட்டையைப் போட்டுவிட்டு மீதியை அலமாரியில் அடுத்த முறைக்கு வைக்கும் பழக்கம் நம் ஊரில் எந்த வீட்டில் இல்லை? நாளை உண்மையாகவே தேவைப்படும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போவதற்கு அதுவே வழி.

அந்த இணையக் கிட்டைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். வெந்நீரில் மென்மையாகும் பிளாஸ்டிக் மணிகளை உருட்டிப் பல்லில் அழுத்துவதும் பாண்டிங்கும் ஒன்றல்ல. அது பற்றாமல் உண்மையாகவே இலையில் விழும், அல்லது தூக்கத்தில் தொண்டைக்குள் போகும். இதைவிடத் துணிந்த ஒரு இளைஞர், செருப்பு ஒட்டும் உடனடிப் பசையால் உடைந்த துண்டைத் தானே ஒட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். துண்டு கோணலாக நின்றது, ஈறு புண்ணாகியிருந்தது.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். ஐப்பசி நடக்கிறது, நாள் இருக்கிறது, ஆனால் வீணாக்க இல்லை. முதலில் எக்ஸ்ரே. சந்தேகம் உறுதியானால் ரூட் கெனால், அதாவது பல்லின் பின்புறம் துளையிட்டு, இறந்த கூழை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை. தொற்று உள்ள பல்லுக்குப் பெரும்பாலும் நடுவில் மருந்து வைத்து இரண்டு அமர்வுகள் ஆகும். பரு தானே மறைந்துவிடும். பிறகு அந்தப் பின்புறத் துளைக்குள் வெளுப்பு மருந்தை வைத்து மூடி, வாரம் ஒரு முறை மாற்றினால், இரண்டு மூன்று முறைகளில் கறுப்பு பெரிதும் குறையும். வெளுப்பு முடிந்த கையோடு பாண்டிங் செய்யக் கூடாது. பல்லில் தங்கிய ஆக்ஸிஜன் பிசினைச் சரியாக இறுக விடாது என்பதால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மார்கழிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் பாண்டிங் செய்தால், கறுப்பு அடியிலிருந்து நிழலாகத் தெரியும். காம்போசிட்டை வெளுக்க முடியாது என்பதால் மறுபடி எடுத்துச் செய்ய வேண்டும். செலவு கவலையாக இருந்தால், சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மீதிக் கேள்விகள் சுருக்கமாக. காம்போசிட்டிலிருந்து முதல் சில மணி நேரத்தில் வெளிவரும் வேதிப்பொருளின் அளவு மிக மிகச் சிறியது. அது புற்றுநோய் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீல விளக்கு எக்ஸ்ரே அல்ல. உற்றுப் பார்த்தால் கண்ணுக்குத்தான் கெடுதல், அதற்காகவே ஆரஞ்சு நிறத் தடுப்பு வைக்கிறோம். நடு இடைவெளி சிறியதாக இருந்தால் இதே முறையில் மூடலாம். பெரியதாக இருந்தால் இரு பற்களும் முறம் போல அகன்று தெரியும், அதற்குக் கம்பிதான் வழி.

பாண்டிங்கின் ஆயுள் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள். கவனமாக இருந்தால் கூடும். டிகிரி காபியை விட வேண்டியதில்லை, குடித்ததும் வாயைக் கொப்புளித்தால் போதும். வெற்றிலைச் சீவல் பழக்கம் இருந்தால் காம்போசிட்டின் விளிம்பில் சீக்கிரம் கறை ஏறும். இன்னொன்று: எக்ஸ்ரே எடுக்கும் அன்று, பக்கத்து முன்பல்லையும் குளிர்ச்சி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். படித்துறைக் கல்லில் அன்று அதுவும் சேர்ந்தே மோதியிருக்கும். வெள்ளையாக இருப்பதாலேயே அது உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.