எதைத் துணைப்பணியாக வைக்கக் கூடாது?

பணி மேலாண்மைச் செயலியில் முப்பத்தெட்டுத் திட்டங்கள் திறந்திருப்பதாகவும், துணைப்பணிக்குக் கீழே துணைப்பணி என்று அடுக்கியும் வேலை நகரவில்லை என்றும், எதைத் திட்டமாக வைப்பது, எதைத் துணைப்பணியாக வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அலுவலகத்தில் இருந்து வேலை செய்பவராக இருக்கக்கூடும். நானோ கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீட்டுத்திட்டங்களின் களவேலையை ஒருங்கிணைப்பவன். இருந்தாலும், இதே விடயத்தில் நான் விட்ட பிழையால் இன்னொருவர் நட்டப்பட்டார் என்பதால் எழுதுகிறேன்.

வன்னியில் வீட்டுத்திட்டப் பணம் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. போருக்குப் பின் இந்திய அரசின் நிதியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவும் பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டங்கட்டமாகவே வந்தது. நான் வேலை செய்த சிறிய திட்டமும் அதே முறையில்தான் நடந்தது: அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, லிண்டல் (கதவு, யன்னல்களுக்கு மேலே போடும் கொங்கிறீற் உத்தரம்) மட்டம் வந்தால் ஒரு தொகை, கூரை ஏறினால் ஒரு தொகை. ஒவ்வொரு முறையும் தொழில்நுட்ப அலுவலர் நேரில் வந்து அளந்து, படமெடுத்து, ஒப்பமிட்ட பின்னரே அடுத்த பணம் விடுவிக்கப்படும்.

விசுவமடுப் பக்கம் மூன்று வீடுகள் என் பொறுப்பில் இருந்தன. செயலியில் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு திட்டமாக வைத்தேன். அது சரிதான், இன்றும் அப்படித்தான் வைக்கிறேன். பிழை உள்ளே இருந்தது. ‘லிண்டல்’ என்று ஒரு தாய்ப்பணி. அதன் கீழ் பலகை அடித்தல், கம்பி கட்டுதல், கொங்கிறீற் போடுதல், தண்ணீர் ஊற்றி இறுக விடுதல், கடைசியாகத் தொழில்நுட்ப அலுவலருக்கு அறிவித்தல் என ஐந்து துணைப்பணிகள். புரட்டாசிக் கடைசியில் மேசன் தொலைபேசியில் அழைத்து, “லிண்டல் முடிஞ்சுது அண்ணை” என்றார். நான் பரந்தன் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தாய்ப்பணியை முடிந்ததாகக் குறித்தேன். அதனோடு சேர்ந்து கீழிருந்த ஐந்தும் பட்டியலிலிருந்து மறைந்தன. அலுவலருக்கு நான் அறிவிக்கவே இல்லை.

பன்னிரண்டு நாட்களின் பின்னர் அந்த வீட்டுக்கார அக்கா அழைத்தார். “தம்பி, லிண்டல் பாக்க ஒருதரும் வரேல்லையே, மற்றக் காசு எப்ப வரும்?” அவர் தனித்து ஒரு மகளை வளர்ப்பவர். பணம் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, சங்கிலியை அடகு வைத்து, மேற்சுவருக்கென்று 14 பை சீமெந்து வாங்கித் தறப்பாளின் கீழ் அடுக்கியிருந்தார். கூலி கொடுக்கப் பணம் வராததால் மேசன்மார் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கூலியாட்கள் காலபோக நெல் விதைப்புக்குப் போய்விட்டார்கள். அதற்குள் மழையும் தொடங்கிவிட்டது. நான் போய்த் தறப்பாளை விலக்கி, ஒரு பையின் மூலையை விரலால் அழுத்தினேன், விரல் பதியவில்லை. கடதாசியைக் கிழித்தபோது, சீமெந்து பையின் வடிவத்திலேயே கல்லாக நின்றது. பதினான்கில் ஒன்பது அப்படி. அக்கா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஒன்பது பைக்கும் என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டுக்குக் கூரை ஏறியது தைப்பொங்கலுக்குப் பின்னர்தான்.

செயலியில் குறை இருந்தது என்று நான் சொல்லவில்லை. டுடூயிஸ்ட் போன்ற பணிச் செயலிகளிலும் தாய்ப்பணியை முடித்தால் துணைப்பணிகளும் சேர்ந்தே முடியும்; அது அவற்றின் அமைப்பு. மைக்ரோசொஃப்ட் டு டூவில் ஒரு பணிக்குள் எழுதும் படிகளுக்குத் தனித் திகதி வைக்கவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் எதை வைக்கலாம் என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே மூச்சில் செய்து முடிப்பவை மட்டுமே துணைப்பணிகளாக இருக்கலாம். பலகை அடிப்பதும் கம்பி கட்டுவதும் அப்படிப்பட்டவை. இன்னொருவரிடம் சொல்லி, அவருடைய பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதற்கென்று ஒரு திகதியோடு தனிப்பணியாக நிற்க வேண்டும்.

இப்போது வீடு ஒரு திட்டம், கட்டங்கள் அதற்குள் பிரிவுகள். அலுவலருக்கு அறிவித்தல், வந்து பார்த்தாரா என்று விசாரித்தல், கணக்கில் பணம் விழுந்ததா என்று கேட்டல் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பிரிவிலும் தனிப்பணிகள். டுடூயிஸ்டில் நான்கு அடுக்குவரை துணைப்பணி வைக்க இடமுண்டு. நான் ஓர் அடுக்குக்குக் கீழே போவதில்லை. மணல் அனுமதிப்பத்திரம் போல மூன்று வீட்டுக்கும் பொதுவானவற்றை மும்முறை எழுதாமல், ‘பொருட்கள்’ என்று ஒரு தனித் திட்டத்தில் வைக்கிறேன்.

இதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதாதா என்று சிலர் கேட்பார்கள். கொப்பியும் வைத்திருக்கிறேன், ஆனால் குறித்த நாளில் கொப்பி என்னைக் கூப்பிடாது. மேசன்மாரையும் செயலியில் சேர்த்திருக்கலாமே என்பவர்களுக்கு: சேர்த்துப் பார்த்தேன். கை முழுக்கச் சாந்தோடு சாரத்தில் நிற்பவர் குரல்பதிவு அனுப்புவதே வசதி, அதில் குறைகாண ஒன்றுமில்லை. எனக்கு உண்மையில் மனவருத்தம் தருவது மீளாய்வுக் கூட்டங்கள்தான். அங்கே எத்தனை வீதம் முடிந்தது என்று மட்டுமே கேட்கிறார்கள். ஐந்தில் நான்கு முடிந்தால் 80 வீதம் என்று திரையில் காட்டி எல்லோரும் திருப்திப்படுகிறார்கள். பணத்தை விடுவிக்கும் வேலை அந்த ஐந்தாவதுதான் என்பதை வீதம் காட்டாது.

உங்கள் முப்பத்தெட்டையும் இன்றே கலைத்து அடுக்க வேண்டியதில்லை. துணைப்பணிகளில் அறிவித்தல், கேட்டல், அனுப்புதல், ஒப்பம் பெறுதல் என்று முடிகின்றவற்றை மட்டும் முதலில் தேடி வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி வையுங்கள்.