கடிவாளம் கண்ணுக்கா, வாய்க்கா? குதிரைக் கேள்விகள் சில

"கடிவாளம் கட்டின குதிரை மாதிரி படிக்கணும்" என்று மகனின் டியூஷன் வாத்தியார் சொல்கிறார். கடிவாளம் என்பது கண்ணை மறைக்கிற பட்டைதானே? (அஸ்தம்பட்டி வாசகி)

இல்லைங்க. மேடைப் பேச்சிலும் இந்தக் குழப்பம் நிறைய உண்டு. கடிவாளம் வாய்க்குள் போவது, பேரிலேயே 'கடி' இருக்கிறது பாருங்கள். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஒரு இடைவெளி உண்டு, அங்கே ஈறின் மேலும் நாக்கின் மேலும்தான் அந்த இரும்பு உட்காரும், அதன் இரண்டு முனையிலும் மாட்டிய வாரைத்தான் ஏறி உட்கார்ந்தவர் கையில் பிடித்திருப்பார். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்ற பழமொழி தெரியும்தானே? கண்ணில் கட்டுகிற சாமானுக்குக் குதிரை எதற்கு வாயை மூடப்போகிறது!

கண்ணோரம் வைப்பது கண்பட்டை. அது பெரும்பாலும் வண்டிக் குதிரைக்கு. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கொஞ்ச இடம் தவிர, ஏறக்குறைய 350 டிகிரி அதற்குத் தெரியும். பின்னால் உருளும் சக்கரமும் பக்கத்தில் முந்துகிற டவுன் பஸ்ஸும் கண்ணில் பட்டால் மிரளும் என்றுதான் மறைக்கிறார்கள்.

ஆக, 'விலைவாசிக்குக் கடிவாளம்' என்று எழுதினால் சரி, அடக்குவது என்று பொருள். உங்கள் வாத்தியார் சொல்ல வந்தது கண்பட்டை. பையனுக்கு அதைக் கட்டலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் லகான்? (ஓமலூர்)

பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல், சவாரியும் அப்படியே. அகராதியில் கடிவாளமும் லகானும் ஒன்றுதான். ஆனால் 'லகானைப் பிடி' என்றால் யாரும் குதிரையின் வாயில் கையை விடுவதில்லை, வாரைத்தான் பிடிப்பார்கள்.

சொந்தக் குதிரை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சவாரி போக ஆசை. (கன்னங்குறிச்சி)

தார்ச்சாலையில் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ், லாடம் அடித்த குளம்பு தாரில் வழுக்கும், அதுவும் இறங்கும்போது. சேர்வராயன் மலையில் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதைகள் உண்டு, உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அங்கே போங்கள். ஏற்றத்தில் உடம்பை லேசாக முன்னால் சாய்த்து வாரைத் தளர்த்துங்கள், கழுத்தை நீட்டித்தான் குதிரை சமநிலை பிடிக்கும், அதைப் போய் இழுத்துப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். இறக்கத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும், குதிகால் கீழே தாழட்டும். செருப்பு, கேன்வாஸ் ஷூ எல்லாம் கூடாது, குதி வைத்த ஷூதான் வேண்டும். முழுப் பாதமும் வளையத்துக்குள் நுழைந்துவிட்டால், விழும்போது கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்.

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறோம். 'சுழி சுத்தம்' பார்த்து வாங்கு என்கிறார் மாமா. (சங்ககிரி)

சுழி என்பது முடி சுழன்று வளர்ந்திருக்கும் இடம். நெற்றியில், கழுத்தில், விலாவில் எங்கே இருந்தால் ராசி, எங்கே இருந்தால் ஆகாது என்று பெரிய கணக்கே வைத்திருக்கிறார்கள். தொண்டையில் இருந்தால் தேவமணி, நல்ல விலை போகும். நான் அதை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் விற்கப்போனால் வாங்குகிறவர் அதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். மாமா சுழி பார்க்கட்டும், நீங்கள் காலைப் பாருங்கள். கெட்டித் தரையில் பெருநடையாக (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான வேகம்) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கும். வயதைப் பல்லில் பாருங்கள், விற்பவர் சொல்லும் வயதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மட்டக்குதிரை என்றால் குட்டியா? (நாகலூர்)

இல்லை, வளர்ந்தாலும் உயரம் குறைந்த இனம். தோள்மேட்டில் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) அளந்தால் சுமார் 148 சென்டிமீட்டருக்குள் இருக்கும். குட்டி என்றால் குட்டிதான், அதன் மேல் ஏறாதீர்கள்.