சீதன வீட்டில் ஒரு சாய்தளம்

வணக்கம் அண்ணா,

நீங்கள் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு எழுதுகிறவர் என்பதால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன். என் கணவருக்குத் தசைச் சிதைவு நோய். கொழும்பில் பரிசோதித்து லிம்ப்-கேர்டில் வகை, அதாவது இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் தளர்கிற வகை என்றார்கள். மருந்தால் மாற்ற முடியாது, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டுதான் போகும் என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் ஆசிரியர். இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கையையும் தொடையில் ஊன்ற வேண்டியிருக்கிறது. அண்மையில் கிணற்றடியிலும் பள்ளிக்கூடப் படியிலும் விழுந்துவிட்டார்.

நாங்கள் இருப்பது எனக்கு அம்மா அப்பா தந்த சீதன வீடு. வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டியது. மலசலகூடம் வளவுக்குள் தனியாக இருக்கிறது. வீட்டில் ஏதாவது மாற்றலாம் என்றால் அவர் "இப்ப என்ன அவசரம்" என்கிறார். அம்மா "மகளுக்குக் குடுக்கிற வீடு, உடைக்கப்படாது" என்கிறா. சக்கர நாற்காலி வாங்குவோம் என்று வாயெடுத்தேன், மாமா "அதில இருத்தினா அதோட கால் போயிடும்" என்று முடித்துவிட்டார். கொழும்புக்குக் கிளினிக் போய்வருவதும் பெரும்பாடு. அவருடைய சொந்த ஊர் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. அங்குள்ள கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி,
எழுவான்கரை


அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் உங்கள் மாமாவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் இதே குடும்பத்து நோய்தான், என்னிடமும் இதையே சொன்னார்கள். சக்கர நாற்காலி காலைப் பறிப்பதில்லை. தசைக்குத் தேவையான புரதங்களில் ஒன்று பிறப்பிலேயே பழுதாக அமைந்துவிடுவதால் தசை தேய்கிறது. நடந்தாலும் தேயும், இருந்தாலும் தேயும். நடையை ஒரே நாளில் பறித்துவிடக்கூடியது விழுகை. இடுப்போ கணுக்காலோ முறிந்து சில கிழமை கட்டிலில் கிடந்தால், மற்றவர்களுக்குத் திரும்பிவருகிற பலம் எங்களுக்கு அப்படித் திரும்பாது. மூட்டும் இறுகிவிடும். விழுந்த நாள்வரை நடந்தவர் அதற்குப் பிறகு நடக்காமலே போய்விடலாம். இரண்டு தடவை விழுந்தும் அவருக்கு ஒன்றும் முறியவில்லை. அந்த நல்வாய்ப்பு கையில் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.

நாற்காலி வந்த பிறகும் வீட்டுக்குள் அவர் நடக்கட்டும். பள்ளிக்கூட மைதானத்தைக் கடக்க, கிளினிக் வரிசையில் காத்திருக்க, கோயில் வீதியில் போக நாற்காலி உதவட்டும். பகலில் அப்படி மிச்சம் பிடித்த பலம் பின்னேரம் மகளோடு இருக்க உதவும். கடுமையாக உடற்பயிற்சி செய்தால் பழைய பலம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பாரம் தூக்குவதும் களைத்து விழும்வரை பயிற்சி செய்வதும் இந்த நோயில் தசைக்குத் தீங்கு. மூட்டு இறுகாமல் நீட்டி மடக்குவதும் களைப்பு வராத அளவு நடையும் நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவில் கேட்டால் காட்டித் தருவார்கள். நீங்களும் கூடப் போய்ப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அவருடைய "இப்ப என்ன அவசரம்". அதையும் "இது சீதன வீடு" என்று நீங்கள் எழுதியதையும் நான் சேர்த்துத்தான் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். எத்தனை வருடம் வாழ்ந்தாலும் வீடு அவளுடையது, அவளுக்குப் பிறகு மகளுடையது என்ற நினைப்பு அவனுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அப்படி வந்தவர், தன் உடம்புக்கு வந்த நோய்க்காக மாமி கட்டித் தந்த சுவரை உடைக்கச் சொல்லி எந்த வாயால் கேட்பார்? நானும் அப்படி வந்து குடியேறியவன்தான். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டுக்காரி நீங்கள், கதையைத் தொடங்க வேண்டியவரும் நீங்கள்தான். ஆனால் எதை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் கைபிடி, எவ்வளவு உயரம் என்ற முடிவெல்லாம் அவருடையதாக இருக்கட்டும். மேசன் வரும்போது அளவு நாடா அவர் கையில் இருக்கட்டும். அவருடைய உடம்பு எங்கே தடுமாறுகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நோயில் இன்னொன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். இன்று அவர் நடக்கிற நடைக்கு அளவாக வேலை செய்வித்தால் சில வருடத்தில் திரும்ப உடைக்க வேண்டிவரும். காசும் இரண்டு மடங்கு, மனக்கஷ்டமும் இரண்டு மடங்கு. நாற்காலி வீட்டுக்குள்ளும் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டு இப்போதே கட்டுங்கள்.

மலசலகூடத்தில் தொடங்குங்கள். ஈர நிலமும் குந்தி எழும்புவதும் இருட்டில் வளவைக் கடப்பதும் ஒன்றுசேர்கிற இடம் அதுதான். முடியுமானால் அவர் படுக்கும் அறையோடு ஒட்டினாற்போல் புதிதாக ஒன்று கட்டுங்கள். கதவு நிலை மூன்றடி அகலம் இருக்க வேண்டும். வழக்கமாக வைக்கிற இரண்டரை அடிக் கதவுக்குள் நாற்காலி உள்ளே போவது பெரும்பாடு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பு கதவை அடைத்துக்கொண்டால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. கொமட்டின் இருக்கை தரையிலிருந்து பதினெட்டு முதல் இருபது அங்குலம் இருக்க வேண்டும். உயரம் கூடினால் எழும்புவது லேசு, பிறகு நாற்காலியிலிருந்து நகர்ந்து மாறவும் அந்த உயரம் ஒத்துவரும். அதனால் கொமட்டுக்கு ஒரு பக்கமாவது நாற்காலி நிற்க மூன்றடி இடம் விடுங்கள். கைபிடியை ஆணியும் பிளாஸ்டிக் பிளக்கும் வைத்து இறுக்க விடாதீர்கள். முழுப்பாரத்தோடு ஒருவர் பிடித்துத் தொங்கப்போகிற கைபிடி அது. கல்வனைஸ் குழாயைச் சுவருக்குள் இறக்கிச் சீமெந்து போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். கிணற்றடிக் குளிப்பை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளேயே கதிரையில் இருந்து, குழாய் நீட்டிக் குளிக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை ஒன்றை மட்டும் போட்டால் காலை அகட்டி வழுக்கும். இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் உறுதியும் கூடும், உயரமும் கொஞ்சம் கூடும்.

வாசலில் சாய்தளம். 2011 தை மாதத்து வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அத்திவாரத்தை உயர்த்தாமல் கட்டமாட்டார்கள், அது சரியும்கூட. ஆனால் அந்த உயரத்துக்கு நீளத்தால் ஈடுகொடுக்க வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. இரண்டடி உயரத் தரை என்றால் இருபத்துநான்கு அடி. மேசன் இதைக் கேட்டதும் "இவ்வளவு நீட்டா" என்று ஆறடியில் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். ஆறடிச் சாய்தளத்தில் நாற்காலியை ஏற்ற இரண்டு ஆண்கள் வேண்டும், இறக்கும்போது ஆள் குப்புற விழுவார். வீட்டின் பக்கச் சுவரோடு நீளமாகக் கொண்டுபோய், திரும்புகிற இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை விட்டால் வளவு போதும். மேலே மாபிள் வேண்டாம், மாரி மழையில் வழுக்கும். ஈரச் சீமெந்தில் விளக்குமாற்றால் இழுத்த சொரசொரப்பு போதும். இரு ஓரத்திலும் சிறு வரம்பும் கைபிடியும் இருக்க வேண்டும். அவர் நடக்கும்வரை இறக்கமான தரையை விடப் பதிந்த படிகள் சில நேரம் வசதியாக இருக்கும், ஏனென்றால் சாய்தளத்தில் இறங்கும்போது தொடைத்தசை பிடித்துக்கொள்ள வேண்டும், இந்த நோயில் தளர்கிற தசைகளில் அதுவும் ஒன்று. ஆகவே பழைய படியை இடிக்காமல், ஒவ்வொன்றையும் நாலு அங்குல உயரத்துக்குத் தணித்து, இரண்டு பக்கமும் கைபிடி போடுங்கள். இரண்டும் இருக்கட்டும்.

சாய்தளம் மணலில் போய் முடிந்தால் பயனில்லை. எழுவான்கரை வளவு மணலில் நாற்காலியின் முன்சில்லு புதைந்துவிடும். அங்கிருந்து கேற் வரைக்கும் நாலடி அகலத்தில் சீமெந்துப் பாதையோ இன்டர்லொக் கல்லோ பதியுங்கள். வீட்டுக்குள் கட்டிலைக் கட்டை வைத்து உயர்த்துவதும், தலைமாட்டில் ஒரு பிளக்கும் லைட் சுவிட்சும் வைப்பதும் சின்ன வேலைகள், ஒரே நாளில் முடிந்துவிடும்.

நாற்காலியை அளவெடுத்து வாங்குங்கள். விழாக்களில் ஒரே அளவில் அடுக்கிவைத்துக் கொடுக்கிற நாற்காலிகளைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். இடுப்பு அளவுக்குப் பொருந்தாத நாற்காலியில் பல மணிநேரம் இருந்தால் முதுகு கோணும், புண் வரும். கைவைக்கும் பகுதியும் கால்தட்டும் கழற்றக்கூடியதாக, காற்றடிக்கிற சில்லோடு, நல்ல மெத்தையோடு பாருங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த அளவுகளை எழுதிக் கொடுங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். யார் உதவிக்கு வந்தாலும் கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்க விடாதீர்கள். இந்த நோயில் தோள்பட்டைத் தசையும் தளர்ந்திருக்கும், தூக்கத் தூக்க ஆள் கீழே நழுவுவார். இடுப்பில் தடித்த பெல்ட் ஒன்று கட்டி, பின்னாலிருந்து அதைப் பிடித்து எழுப்பப் பழக்குங்கள். ஓட்டோவின் இருக்கையில் தடித்த மெத்தை ஒன்று போட்டால் இறங்குவது பாதி லேசாகும். தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரையே எப்போதும் கூப்பிடுங்கள். எப்படிப் பிடிப்பது என்று அவர் ஒருமுறை பழகிவிட்டால் போதும். பஸ் இனி வேண்டாம். கால் வைத்து முடியுமுன் எடுத்துவிடுகிறார்கள்.

கொழும்புக்கு உதயதேவி ரயிலில் நேராகப் போகலாம்தான். ஆனால் மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள படிகள் உயரம், கழிவறைக் கதவு ஒடுக்கம். அதற்குப் பயந்து பலர் முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அவரை அப்படிச் செய்ய விடாதீர்கள், மலச்சிக்கலும் சிறுநீர்க் கிருமியும் பிறகு படுத்தும். பாமசியில் சிறுநீர்ப் போத்தல் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். காசு இடம்கொடுக்கும்போது வேனில் போவதே நல்லது. பொலன்னறுவை, ஹபரணை வழியாக நின்று நின்று போகலாம். கொழும்பில் வெள்ளவத்தைச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு விட்டுவிடாமல், லிஃப்ட் கதவிலும் குளியலறைக் கதவிலும் அளவு நாடாவை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அறை எடுப்பதென்றாலும் அதையே கேளுங்கள். "வசதி இருக்கு" என்று வாயால் சொல்வதை நம்பிப் போக வேண்டாம்.

தேருக்குப் போகலாம், தங்கச்சி. அவருக்கு அது வெறும் திருவிழா இல்லை, சொந்த ஊருக்குப் போவது. குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகிற 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற்றாதீர்கள். துறையில் ஏறி இறங்குகிற இடம் அவருக்கு ஆபத்து. 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போங்கள், வாகனத்திலிருந்து இறங்காமலே வாவியைக் கடந்துவிடலாம். வடம் பிடிக்கிற நேரத்துச் சனத்துக்குள் போகாமல், முன்கூட்டியே போய் வீதியோரம் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் இடம்பிடியுங்கள். மணலில் நாற்காலியை முன்னே தள்ள வேண்டாம். திருப்பி, பின்பக்கமாக இழுத்தால் பெரிய சில்லு முன்னே வரும், சின்னச் சில்லு புதையாது.

பள்ளிக்கூடப் படியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அவருடைய வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும்படி அதிபரிடம் எழுத்தில் கேட்கட்டும், பிரதி ஒன்றை வலயக் கல்விப் பணிமனைக்கும் அனுப்புங்கள். இது சலுகை கேட்பதல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க ஊனமுற்றோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு ஆள் சேர்ப்பதிலும் பொதுமக்கள் போகிற கட்டடங்களுக்குள் போவதிலும் ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை ஏட்டிலேயே கிடந்தபோது உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் அவர். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவர் பக்கம் கட்டளையிட்டது. எங்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அதற்குப் பிறகும் படிகள்தான் எங்களை வரவேற்கின்றன என்பது எனக்குத் தீராத கோபம். உங்கள் கணவர் எழுதுகிற கடிதம் அவருக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை மட்டும் பிற்போட வேண்டாம். இந்த நோயின் சில வகைகள் இதயத்தையும் மூச்சுத் தசையையும் தொடும். ஈசிஜி, எக்கோ, மூச்சுப் பரிசோதனை மூன்றையும் ஒழுங்காகச் செய்விக்க வேண்டும். காலையில் தலைவலியோடு எழும்புகிறாரா, இரவில் நித்திரை குழம்புகிறதா, பகலில் தூங்கி விழுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். அகலக் கதவும் உள்ளேயே மலசலகூடமும் கைபிடியும் உள்ள வீட்டை மகளுக்குக் கொடுத்தால் சீதனம் குறையாது. சில வருடத்தில் அம்மாவுக்கும் முழங்கால் நோகும், அந்தக் கைபிடியை அவவும் பிடிப்பா. உங்களுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அம்மாவின் தொலைபேசி இலக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் பேசுகிறேன். ஆனால் மாரி தொடங்க முதல் சாய்தளத்துச் சீமெந்து இறுக வேண்டும். ஆகவே மேசனை இந்தக் கிழமையே கூப்பிட்டு அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்