கார் இல்லாமல் யார்க்ஷயர் டேல்ஸின் செட்டில் என்ற ஊரில் தங்கி, ரயிலில் போய் ஒரே நாளில் மலை நடை முடித்துத் திரும்ப முடியுமா?

தாராளமாக முடியும். வட இங்கிலாந்தின் மலைப்பகுதியான யார்க்ஷயர் டேல்ஸ் பற்றி யார் கேட்டாலும் 'கார் இல்லாமல் போகாதீர்கள்' என்றே பதில் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். காரில் போனால் வண்டியை விட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ரயிலில் போனால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ஸ்டேஷனில் ஏறலாம்.

உங்களுக்கு மலையேறிப் பழக்கமில்லை, ஆனால் நான்கைந்து மணி நேரம் நடக்கத் தெம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு இந்தப் பதில் தேவைப்படாது.

செட்டில் 1249-லேயே சந்தை உரிமை பெற்ற ஊர்; இன்றும் செவ்வாய்க்கிழமை சந்தை கூடுகிறது. ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. லீட்ஸ்–கார்லைல் பாதையில் வடக்கே அடுத்தது ஹார்ட்டன், பிறகு ரிபிள்ஹெட், பிறகு டென்ட். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டிதான். ஒன்றை விட்டால் மழையில் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டியதுதான். அதனால் நடக்கப்போகும் நாளின் திட்டத்தை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியைப் பிடிப்பதாகக் கணக்குப் போடுங்கள். கடைசி வண்டி அவசரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி டைம்டேபிள் உண்டு. பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். இரண்டையும் முந்தைய நாள் இரவே பார்த்து, திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் மொபைல் சிக்னலை நம்பமுடியாது.

முதல் நடைக்கு ஹார்ட்டனில் இறங்கி பெனிகென்ட் மலை ஏறுங்கள். உயரம் 694 மீட்டர். ஊரிலிருந்து ஏறவேண்டியது ஏறக்குறைய 450 மீட்டர். சுற்றி வர சுமார் 10 கிலோமீட்டர். நேரம் கணக்கிட 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்த நடைக்கு இரண்டே முக்கால் மணி வரும். அதில் சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை, ஈரப்பாறையும் இல்லை. புதியவர்கள் நான்கரை மணி வைத்துக்கொள்வதே சரி.

தேவாலயத்தைத் தாண்டி பிராக்கன்பாட்டம் பண்ணை வழியாக ஏறுங்கள். கல்லைக் கல்மேல் அடுக்கி, சாந்து பூசாமல் கட்டிய சுவர் ஒன்று பாதையோடு கூடவே வரும். மூடுபனி இறங்கினால் அந்தச் சுவரை விட்டு விலகாதீர்கள். மலைமுதுகில் இன்னொரு சுவர் குறுக்கே வரும். அங்கே இடப்பக்கம் திரும்பினால், மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்தான சரிவு. கீழ்த்தட்டு சுண்ணாம்புக்கல், மேல்தட்டு சொரசொரப்பான மணற்கல். சிரமம் கீழ்த்தட்டில்தான்: எத்தனையோ பூட்ஸ் தேய்த்து வழவழப்பாகிவிட்ட கல், மழை பட்டால் சோப்பாக வழுக்கும். கையூன்றி ஏறவேண்டிய சில அடிகள் இருக்கின்றன. அந்த வழியில் ஏறலாம், ஈரத்தில் இறங்கக்கூடாது. உச்சியில் சுவரைத் தாண்டக் கல்படி இருக்கிறது. மறுபக்கம் பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் இறங்கினால் சரிவு சாந்தமானது. வழியிலிருந்து கொஞ்சம் விலகிப் போய் ஹல் பாட் என்ற பள்ளத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 90 மீட்டர் நீளம், 18 மீட்டர் ஆழம், சுற்றி வேலி கிடையாது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 2 வரைபடம் வாங்குங்கள். அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பொதுப்பாதைகள் பச்சைத் துண்டுக்கோடு, சுவர்கள் மெல்லிய கறுப்புக்கோடு. சுவரெல்லாம் வரைந்திருப்பதால் மூடுபனியிலும் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே காற்றில் குடை நிற்காது, ரெயின் ஜாக்கெட்தான். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், தலையில் மாட்டும் டார்ச் இல்லாமல் ஏறாதீர்கள். அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970-ல் இந்தப் பாதையில் செட்டில், ஆப்பிள்பி தவிர மற்ற ஸ்டேஷன்களை மூடினார்கள். 1986-ல்தான் எட்டு ஸ்டேஷன்கள் திரும்பத் திறந்தன. பாதையையே மூடும் திட்டம் 1989-ல் கைவிடப்பட்டது, அதுவும் மக்கள் விடாமல் எதிர்த்ததால். ஆள் ஏறாத ஸ்டேஷன் நிலைக்காது. மலையடிவாரத்திலேயே ரயில் நிற்கும்போது காரில் போகச் சொல்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கோடைச் சனிக்கிழமைகளில் பெனிகென்ட், வெர்ன்சைட், இங்கிள்பரோ என்ற மூன்று மலையையும் 12 மணி நேரத்தில் முடிக்க வரும் கூட்டம் சேற்றுக்குப் பயந்து ஓரமாக நடந்து பாதையை அகலமாக்குகிறது. சேறானாலும் நடுவிலேயே நடங்கள், பூட்ஸ் கழுவினால் போய்விடும்.

இரண்டாவது நாள் கால் ஒத்துழைத்தால், ஹார்ட்டனில் இறங்கி பெனிகென்ட் ஏறி, ஹை பிர்க்வித் வழியாக ரிபிள்ஹெட் வரை போகலாம். சுமார் 16 கிலோமீட்டர். கடைசிப் பகுதி தார்ச்சாலை, வண்டிகள் வேகமாக வரும், வண்டிகள் எதிரே வரும்படி வலப்பக்கமாக நடங்கள். முடிவில் 24 வளைவுள்ள ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே செட்டில் வண்டி ஏறலாம்.

டென்ட் ஸ்டேஷனை மட்டும் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல், பள்ளத்தாக்கில் கிடக்கிறது. கிர்க்பி ஸ்டீபனிலும் ஸ்டேஷன் ஊரைவிட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான். திரும்பும் கணக்கில் அந்தத் தூரத்தையும் சேருங்கள்.