பழைய பங்களாவைக் கல்யாணத்துக்கு விடலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் தாத்தா வாங்கிப் போட்ட பங்களா ஒன்று இருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். இரண்டு வருஷம் மராமத்து பார்த்து இப்போதுதான் முடித்தோம். அதற்குள் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். விட்டால் வீடு பாழாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக விடுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டைத்தான் கரையான் சீக்கிரம் தின்னும், கதவு ஜன்னலைத் திறந்து நாலு பேர் புழங்கினால் வீட்டுக்கு நல்லதுதான்.

ஆனால் மாடியில் கூட்டத்தை ஏற்றாதீர்கள். விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரை நம் பக்கம் எழும்பிய பங்களாக்களில் பலவும் கட்டைகுத்து மச்சுதான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியிருப்பார்கள். நடுக்கட்டை இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் புதைந்த முனை ஈரம் குடித்து உளுத்திருக்கும், கீழே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. நல்ல ஆசாரியை ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டங்' என்று கேட்காமல் 'பொத்'தென்று கேட்டால், பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை அந்த அறையைப் பூட்டியே வையுங்கள்.

அப்புறம் சுவர். கல்யாணம் முடிந்ததும் அங்கே இங்கே காரை பெயர்ந்திருக்கும், அவசரத்துக்குச் சிமெண்டை அப்பிவிடாதீர்கள். எங்கள் பழைய வீட்டில் அப்படிச் செய்துவிட்டு இரண்டு ஐப்பசி மழை தாண்டவில்லை, ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி உப்புப் பூத்து, விரல் வைத்தால் பழைய காரை மாவாகக் கொட்டியது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்தது. வாடகையில் ஒரு பங்கை இதற்கென்றே எடுத்து வையுங்கள்.

சமையல் கட்டாயம் வெளியே, தனிக் கொட்டகையில். முகூர்த்தத்துக்கு மட்டும் என்று வருபவர்கள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டையும் இங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்பார்கள், சரி என்று சொல்லுங்கள், அடுப்பை மட்டும் தாழ்வாரத்துக்குள் கொண்டுவர விடாதீர்கள். சீரியல் விளக்கு, ஏசி எல்லாம் ஜெனரேட்டரில் தனி லைனாக ஓடட்டும். லைசென்ஸ், தீயணைப்புச் சான்று விஷயத்தை முதல் முகூர்த்தத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஆணி அடிக்கக் கூடாது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோரணம் கட்ட வாசலில் நீங்களே நாலு கம்பம் நட்டு வைத்துவிட்டால் அவர்களுக்கும் சிரமம் இருக்காது.