ஹாலில் வைத்த போன்சாய் இலை கொட்டுகிறதே!

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் நர்சரியில் ஃபைகஸ் போன்சாய் வாங்கி, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. என்ன உரம் போடலாம்?
– வாசகி, சென்னை

பதில்: தனியாக உரம் இப்போது வேண்டவே வேண்டாம். முதலில் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

ஃபைகஸ் நம் ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் பங்காளி. வெயிலில் வளர வேண்டியது. டிவி பக்கத்து வெளிச்சம் நமக்குப் போதும், அதற்குப் போதாது. வெளிச்சம் குறைந்தால் மரம் தண்ணீர் இழுப்பதும் குறையும். நீங்களோ தினமும் ஊற்றுகிறீர்கள். வேர் அழுகத் தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. இடம் மாற்றினாலும் இந்த மரம் இலை உதிர்க்கும்தான். ஆனால் மூன்று மாதம் கழித்தும் கொட்டுகிறது என்றால் அதைக் காரணம் சொல்ல முடியாது.

தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள். மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பெயர்த்துவிடுங்கள். விற்கிறவர்களுக்கு அது வசதி. வாங்கியவர் மண்ணைத் தொட்டே பார்க்க முடியாது! மரத்தை மெதுவாக வெளியே எடுங்கள். கறுத்துக் கொழகொழத்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, செம்மண், பொடித்த செங்கல் ஜல்லி, மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நடுங்கள். செங்கல்லைச் சலித்துத் தூளை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி தண்ணீர் தேங்கும்.

இரண்டு வாரம் பால்கனி நிழலில் இருக்கட்டும். பிறகு காலை வெயில் மூன்று மணி நேரம் பழக்குங்கள். விருந்தாளி வரும் நாளில் ஹாலுக்குக் கொண்டுவந்து அழகு பார்க்கலாம். ஏசி காற்று நேராகப் படக் கூடாது.

தண்ணீருக்குக் கணக்கு கிடையாது. மண்ணில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று விட வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். அரை டம்ளர் தொட்டியின் அடிவரை போகாமலும் இருக்கலாம்.

இலையடியில் மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். புதுத் துளிர் விட்டு இலை முற்றிய பிறகு, மாதம் ஒரு முறை ஒரு ஸ்பூன் மண்புழு உரம் போடலாம்.