5 வார லேப்ரடார் குட்டிக்கு முன்பணம் கட்டலாமா?

இப்போதைக்குப் பணம் அனுப்பாதீங்க. வீட்டைக் காட்டாமல், பாதி வழியில் வந்து குட்டியைத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் இடைத்தரகர்தான். குட்டி 8 வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கணும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அந்த விளையாட்டில்தான் அது கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்தால் உங்கள் கையைத்தான் பதம் பார்க்கும்.

நேரில் போய்த் தாயைப் பாருங்க. 5 வாரக் குட்டிகள் இருந்தால் மடி தொங்கியிருக்கும், குட்டிகளும் அதைத் தேடி ஓடும். மடி ஒட்டிய நாயைக் காட்டினால் கிளம்பிடுங்க.

விற்பவர் சொல்லும் 'தடுப்பூசி போட்டாச்சு' என்பது பரம்பரை நோய்ச் சோதனை ஆகாது. தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே அறிக்கை கேளுங்க. கூடவே பி.ஆர்.ஏ. என்கிற விழித்திரை நோய்க்கும், ஓடும்போது பின்னங்கால் துவளும் இ.ஐ.சி.க்கும் டி.என்.ஏ. சோதனை வேணும். இந்த இரண்டும் ஒடுங்கு மரபு நோய்கள், அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் வரும். பெற்றோரில் ஒன்று 'கிளியர்' (அந்தக் குறை மரபணு இல்லாதது) என்றால் குட்டிக்கு வராது. அறிக்கையிலுள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண் அந்த நாயுடையதுதானா என்றும் ஸ்கேன் செய்து பாருங்க. வம்சாவளிச் சான்றிதழ் வம்சத்தை மட்டும்தான் சொல்லும்.

பொறுப்பாக நாய் வளர்த்து விற்பவர் உங்களையே கேள்வியால் குடைவார். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதியும் தருவார்.